வறண்ட மண்ணில் சிறுதொழில்: ராமநாதபுரம் மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாயல்குடி, கமுதி, முதுகுளத்தூர், கடலாடி, ஆர்.எஸ். மங்கலம் பக்கத்துக் கிராமங்களில் சொந்தத் தொழில் தொடங்க நினைப்பவர்களோடு சில வருடங்களாகப் பேசி வருகிறேன். டீக்கடையிலும், குழுக் கூட்டத்திலும், பேங்க் வாசலிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அரசுத் திட்டங்களின் தொகையும் விதியும் அவ்வப்போது மாறும். விண்ணப்பம் போடும் முன் ராமநாதபுரத்தில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை நேரில் கேட்டுவிடுங்கள்.

மழையே இல்லாத ஊர். இங்கே தொழில்முனைவு என்று பேசுவதில் அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. முதலில் மழைக் கணக்கைப் பார்ப்போம். வருடத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டி இங்கே மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். கண்மாய் நிறைந்தால் ஒரு போகம் நெல், நிறையாவிட்டால் அதுவும் இல்லை. வைகையில் வரும் தண்ணீரும் ராமநாதபுரம் பெரிய கண்மாயை எட்டுவதற்குள் மெலிந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் மத்திய அரசு வளர்ச்சியில் பின்தங்கிய மாவட்டங்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. நாடு முழுக்க 112 மாவட்டங்கள் அதில் உண்டு, தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும். பின்தங்கியிருக்கிறோம் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் இந்த மண்ணிலிருந்து என்னவெல்லாம் வெளியே போகிறது என்று ஒரு நாள் பார்த்தீபனூர் ரோட்டில் நின்று பாருங்கள். குண்டு மிளகாய் வத்தல், கருப்பட்டி, கருவாடு, இறால், நண்டு, சீமைக்கருவேலங் கரி, ஆடு எல்லாம் போகும். பரமக்குடியில் நெசவு நடக்கிறது. ராமநாதபுரம் வெள்ளை என்று ஓர் ஆட்டினமே நம் பெயரில் இருக்கிறது. 230 கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை. சரக்குக்குக் குறைவில்லை. எல்லாம் மூட்டையாகவும் லோடாகவும் போகிறது, வேறு ஊரில் தரம் பிரித்து, அரைத்து, பாக்கெட் போட்டுத் திரும்ப நம் கடைக்கே வருகிறது. அந்த இடைவெளியில்தான் இங்கே தொழில் இருக்கிறது.

அப்படியென்றால் குறை எங்கே? நம் ஆட்களுக்குத் துணிச்சல் போதாதா?

இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்கு வருத்தமாக இருக்கும். விடிகாலை நான்கு மணிக்கு இடுப்பில் கத்தியும் கலயமுமாக ஒரு நாளைக்கு முப்பது நாற்பது பனை ஏறி இறங்குகிற மனிதனைப் பார்த்துத் துணிச்சல் போதாது என்று சொல்ல முடியுமா? பாய் விரித்த வள்ளத்தில் கடலுக்குப் போகிறவரிடமும், மழை வருமா வராதா என்று தெரியாமல் ஒவ்வொரு வருடமும் மிளகாய் விதைக்கிறவரிடமும் ரிஸ்க் எடுக்கச் சொல்லித் தர என்ன இருக்கிறது?

என் அனுபவத்தில் குறை இரண்டு இடத்தில். ஒன்று, முன்பணம். சீசனுக்கு முன்னால் கையில் காசு இருக்காது. பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ், வீட்டில் ஒரு விசேஷம், ஆஸ்பத்திரிச் செலவு என்று ஏதாவது ஒன்று வரும். வியாபாரி வந்து முன்பணம் தருவார். வட்டி என்று வாயைத் திறக்க மாட்டார். ஆனால் சீசனில் எடுக்கிற கருப்பட்டியோ வத்தலோ மீனோ அவரிடமே போக வேண்டும், விலையை அவர்தான் சொல்வார், எடையையும் அவர்தான் போடுவார். வட்டி அந்த விலைக்குள் இருக்கிறது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கதவைத் தட்டினால் அவர் பணம் தருவார், பேங்க் தராது. ஆனால் முன்பணம் வாங்கியவருக்குத் தன் சரக்கை வேறு யாருக்கு விற்கலாம் என்று யோசிக்கவே இடமில்லை. அதற்கு இடமில்லாதபோது தொழில் எங்கே வரும்?

இரண்டாவது குறை, முதல் வாடிக்கையாளர். பயிற்சி கொடுக்க நாலு பேர் வருவார்கள், மானியம் பற்றிப் பேச ஆறு பேர் வருவார்கள். ‘உன் பொருளை மாதம் ஐம்பது கிலோ நான் எடுத்துக்கொள்கிறேன், பதினைந்து நாளில் பணம்’ என்று சொல்ல ஒருவரும் வருவதில்லை. தேடிப் பிடிக்க வேண்டிய முதல் ஆள் அவர்தான்.

சிவகாசியும் இதே வறண்ட பூமிதானே? அங்கே மட்டும் எப்படி முடிந்தது?

நல்ல கேள்வி. 1985 வரை சிவகாசியும் விருதுநகரும் நம் ராமநாதபுரம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. மண் மட்டும் காரணமென்றால் அங்கேயும் ஒன்றும் நடந்திருக்கக் கூடாது.

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு உறவினர்கள் சிவகாசியிலிருந்து கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். முதலில் ஜெர்மனியிலிருந்து இயந்திரம் தருவித்துப் பார்த்தார்கள், அது கட்டுப்படியாகவில்லை. அதன் பிறகு கையாலேயே செய்யும் முறைக்கு மாறித்தான் தொழில் நிலைத்தது. தீப்பெட்டியிலிருந்து வண்ணத் தீக்குச்சி, பட்டாசு, லேபிள் அச்சடிக்கப் போய் ஒரு அச்சுத் தொழிலே வளர்ந்தது. ஒரு தொழிலுக்குத் துணையாக வந்தது அடுத்த தொழிலாக நின்றது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. அந்த இரண்டு பேருக்கும் பின்னால் பல தலைமுறையாகக் கட்டிய ஓர் அமைப்பு இருந்தது. உறவின்முறை (ஊர்தோறும் இருந்த சமூகச் சங்கம்) என்றும் மகமை (அதற்கு வியாபாரிகள் தந்த பங்கு) என்றும் கேட்டிருப்பீர்கள். விற்கிற மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் பொதுநிதிக்கு ஒதுக்கினார்கள். அந்த நிதியில் வியாபாரிகள் சரக்கோடு தங்கும் பேட்டை வந்தது, கிணறு வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. 1921-இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கியது. இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி அதுதான். கடன் கேட்டுப் போக ஓர் இடம், சரக்கை இறக்கி வைக்க ஓர் இடம், வெளியூரில் போய் இறங்கினால் தங்கவைக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இருந்தால் ஒரு இளைஞன் கல்கத்தாவுக்கு ரயிலேறலாம்.

அதே சிவகாசியில் பல பத்தாண்டுகள் குழந்தைகளின் விரல்களும் தீக்குச்சி அடுக்கியிருக்கின்றன. அதையும் சேர்த்தே அந்த வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். நாம் பின்பற்ற வேண்டியது மகமையை.

சரி, நான் என்ன தொழில் தொடங்கலாம்?

உங்களைப் பார்க்காமல், உங்கள் கையிருப்பு தெரியாமல் சொல்ல முடியாது. ஆனால் எங்கே தேடலாம் என்று சொல்ல முடியும்: உங்கள் வீட்டுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் ஏற்கெனவே விளைகிற, பிடிக்கிற, செய்கிற பொருளில். யூடியூபில் பார்த்த காளான் வளர்ப்பை இந்த மே மாத வெயிலில் ஓலைக் கொட்டகையில் செய்து கையைச் சுட்டுக்கொண்டவர்கள் எனக்குத் தெரியும்.

கருப்பட்டியை எடுத்துக்கொள்வோம், நான் அதிகம் பார்த்தது அதைத்தான். சாயல்குடி பக்கம் ஒரு கொட்டகை. அக்கா ஒருவர் காய்ச்சுகிறார், அவர் வீட்டுக்காரர் ஏறுகிறார். காலையில் இறக்கிய பதநீரை வடிகட்டி அகலமான பாத்திரத்தில் ஊற்றுகிறார். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கியது என்பதால் புளிக்காமல் இருக்கிறது. அடுப்பெரிக்கப் பனை மட்டையும் கருவேலங் குச்சியும். நுரை பொங்கிவரும்போது ஓர் ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார், பொங்கல் அடங்குகிறது. மூன்று நான்கு மணி நேரம் அந்தப் புகையிலும் அனலிலும் நின்றால் பாகு பதத்துக்கு வரும். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார், உருண்டை நின்றால் இறக்கிச் சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான். எட்டுப் பத்து லிட்டர் பதநீருக்கு ஒரு கிலோ கருப்பட்டி. அவ்வளவுதான் கிடைக்கும்.

அந்த அக்கா என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “சீனியக் கலந்து காய்ச்சி நூறு ரூவா கம்மியா விக்கிறாங்க தம்பி. அவங்களோட நான் எப்படி நிக்கிறது?”

தொழில்முனைவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் என்று சொல்வேன். சந்தையில் மூட்டையாகப் போட்டால் சுத்தக் கருப்பட்டியும் சீனிக் கருப்பட்டியும் ஒரே குவியல். யார் காய்ச்சியது, எந்த ஊர், எந்தத் தேதி என்று பேர் போட்டு, ஆய்வகச் சோதனைத் தாளோடு மதுரையிலோ கோவையிலோ நேரடியாக வாங்குகிற முப்பது குடும்பங்களைப் பிடித்தால் அது வேறு சரக்கு. ஒரு தம்பி இப்படித்தான் செய்தார். பனையேறி அல்ல, பனையேறியின் மகன். காலேஜ் நண்பர்களின் அம்மாக்களிடம் ஆளுக்கு இரண்டு கிலோ என்று ஆரம்பித்தார். முதல் சீசனில் அவர் மிஷின் எதுவும் வாங்கவில்லை. தராசு, பிரவுன் கவர், ஒரு ரப்பர் ஸ்டாம்ப், அவ்வளவுதான் முதலீடு. அடுத்த சீசனுக்கு முன்னால் அந்த வாடிக்கையாளர்களிடம் பாதிப் பணம் முன்கூட்டியே வாங்கி நான்கு பனையேறிகளுக்குக் கொடுத்தார். அதுவும் முன்பணம்தான். ஆனால் இங்கே விலையை முதலிலேயே பேசி எழுதிவிட்டார்கள்.

குண்டு மிளகாயில் வாய்ப்பு வேறு மாதிரி. பிப்ரவரி தொடங்கி மே வரை அறுவடை, பழத்தை வெறும் தரையில் கொட்டிக் காயவைக்கிறோம். மண்ணும் தூசியும் ஒட்டும், ஒரு மழை பட்டால் வெளுத்துச் சோடையாகும், ஈரம் நின்றால் பூஞ்சை வரும். ஏற்றுமதிக்கு வாங்குகிறவர் முதலில் பூஞ்சை நச்சைத்தான் சோதிப்பார். ஆகவே மிளகாயில் முதல் தொழில் அரைப்பது என்று நினைக்காதீர்கள். தார்ப்பாய் விரித்துச் சுத்தமாகக் காயவைத்து, காம்பு கிள்ளி, நிறம் பார்த்துத் தரம் பிரித்துக் கொடுப்பதே ஒரு தொழில். அதற்கு மில் வேண்டாம்.

கடற்பாசி மண்டபம், ராமேசுவரம், தொண்டி பக்கத்துக் கடலோரப் பெண்களின் தொழில். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவையில் சுமார் 60 கிலோ விதைப்பாசி கட்டினால் 45 நாளில் மூன்று நான்கு மடங்காகும். வலமாவூரில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ஆனால் கடல் சூடானால் பாசி அழுகும், ஏற்கெனவே ஒருமுறை பெரிய இழப்பு நடந்திருக்கிறது. வாங்குகிற கம்பெனிகளும் சில மட்டுமே. குடும்பத்தின் ஒரே வருமானமாக அதை வைக்காதீர்கள்.

மிளகாய்த் தூள் யூனிட் போடப்போகிறேன். மில் ஒன்றரை லட்சம்தான் ஆகுமாம். கடன் வாங்கலாமா?

மில்லைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் கணக்கைப் பாருங்கள். விலைகள் உதாரணத்துக்கு நான் போட்டவை, உங்கள் ஊர் விலையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

வாரம் 100 கிலோ தூள் விற்க நினைக்கிறீர்கள். வருடத்துக்குச் சுமார் 5,000 கிலோ. காம்பும் சேதாரமும் போக 5,500 கிலோ வத்தல் வேண்டும். கிலோ 200 ரூபாய் என்றால் 11 லட்சம். வத்தல் மலிவாக வருவது சீசனில் மட்டும்தான். ஐப்பசி, கார்த்திகையில் மாதாமாதம் வாங்கினால் விலை உங்களைத் தின்றுவிடும். பாதியையாவது சீசனில் வாங்கிக் கிட்டங்கியில் (கோடவுனில்) வைக்க வேண்டும், அதற்கு மட்டும் ஐந்தரை லட்சம்.

அடுத்தது கடைக்காரர். அவர் சரக்கை இறக்கிக்கொண்டு முப்பது நாள் கழித்துப் பணம் தருவார். நான்கு வாரச் சரக்கு எப்போதும் வெளியே நிற்கும். கிலோ 330 ரூபாய் என்று வைத்தால் 1,32,000. இதோடு கவர், லேபிள், கரண்ட், ஆள் கூலி.

இப்போது திரும்பிப் பாருங்கள். ஒன்றரை லட்ச மில் இந்தக் கணக்கில் சின்னத் தொகை. நம் பக்கம் பூட்டிக் கிடக்கிற யூனிட்களில் பலவற்றில் மிஷின் நன்றாகத்தான் இருக்கிறது. வத்தல் வாங்கக் காசில்லாமல் நின்றுபோனவை அவை. சரக்கு வாங்கித் தொழிலை ஓட்டத் தேவையான இந்தப் பணத்துக்கு ‘நடைமுறை மூலதனம்’ என்று திட்ட அறிக்கையில் ஒரு வரி வரும். எழுதித் தருகிறவர் அதில் ஏதாவது ஓர் எண்ணைப் போட்டுவிடுவார். அந்த எண்ணை நீங்களே உட்கார்ந்து போடுங்கள்.

முதல் ஆறு மாதம் ஊர் மில்லில் கூலிக்கு அரைத்து விற்றுப் பாருங்கள் என்பதுதான் என் யோசனை. வாரம் நாற்பது கிலோ தடையில்லாமல் போகிறது என்று தெரிந்த பிறகு மில்லுக்குப் போகலாம். வத்தலை ஒழுங்குமுறை விற்பனைக்கூடக் கிட்டங்கியில் வைத்தால் அதன் மதிப்பில் 75 சதவீதம் வரை விவசாயிகளுக்குப் பொருளீட்டுக் கடன் தருகிறார்கள். உங்களுக்கு மிளகாய் தருகிற விவசாயிக்கு இதைச் சொல்லுங்கள். அவர் அவசரத்துக்கு விற்காமல் இருந்தால் உங்களுக்கும் வருடம் முழுக்கச் சரக்கு கிடைக்கும்.

எந்தத் திட்டத்தில் மானியம் அதிகம்?

மானியத்தை வைத்துத் தொழிலைத் தேர்ந்தெடுக்காதீர்கள், தொழிலை வைத்துத் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை (பிஎம்இஜிபி) 2022-இல் திருத்தினார்கள். உற்பத்திக்கு 50 லட்சம், சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை திட்ட மதிப்பு. கிராமத்தில் பொதுப் பிரிவுக்கு 25, பெண்கள், பட்டியலினத்தவர் போன்ற சிறப்புப் பிரிவுக்கு 35 சதவீதம் மானியம். பின்தங்கிய மாவட்டத்து விண்ணப்பதாரர்களையும் அந்தத் திருத்தத்தில் சிறப்புப் பிரிவில் சேர்த்தார்கள். அதாவது நம் மாவட்டத்து ஆள் என்பதே ஒரு தகுதி. பல பேருக்கு இது தெரிவதில்லை, மறக்காமல் கேளுங்கள்.

வேலையில்லாத இளைஞர்களுக்கான மாநில அரசின் யுஒய்இஜிபி திட்டம் 15 லட்சத்துக்குட்பட்ட சிறு முயற்சிக்கு, மானியம் 25 சதவீதம். மாநில அரசின் இன்னொரு திட்டமான ‘நீட்ஸ்’ பெரிய அளவுக்கு, 10 லட்சத்திலிருந்து 5 கோடி வரை, முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு. பட்டியலின, பழங்குடியினத் தொழில்முனைவோருக்கு 2023-இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியத்தோடு வட்டிச் சலுகையும் உண்டு. உணவுப் பொருள் என்றால் சிறு உணவுப் பதப்படுத்தும் தொழில்களுக்கான மத்திய அரசுத் திட்டம் பிஎம்எஃப்எம்இ: 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பிஎம்இஜிபி மானியம் உங்கள் கைக்கு வராது. பேங்கில் உங்கள் கடனுக்கு எதிராக மூன்று வருடம் வைப்பாக இருக்கும், தொழில் நடக்கிறதா என்று நேரில் பார்த்த பிறகுதான் கடனில் கழிப்பார்கள். ‘மானியம் வந்ததும் தருகிறேன்’ என்று யாரிடமும் கைமாற்று வாங்காதீர்கள். விண்ணப்பம் ஆன்லைனில் இலவசம். வாங்கித் தருகிறேன் என்று கமிஷன் கேட்கிறவரிடம் ஒரு ரூபாயும் தர வேண்டாம்.

பேங்கில் சொத்துப் பத்திரம் கேட்கிறார்கள். எங்களிடம் பட்டா நிலமே இல்லை.

குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரையிலான கடனுக்குப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்தக் கடனுக்கு சிஜிடிஎம்எஸ்இ என்ற அறக்கட்டளை உத்தரவாதம் தருகிறது. மேனேஜரிடம் மரியாதையாக, ஆனால் விதியைத் தெரிந்துகொண்டு கேளுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பார்க்கலாம்.

இதில் ஒரு தவறான புரிதலும் ஊருக்குள் உலவுகிறது. அந்த உத்தரவாதம் பேங்க்குக்குத்தான், உங்களுக்கு அல்ல. நீங்கள் கட்டாவிட்டால் பேங்க்குக்கு நட்டம் குறையும். உங்கள் கடன் அப்படியே இருக்கும்.

மேனேஜர் தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே எழுத்து, ஒரே எண்கள் கொண்ட திட்ட அறிக்கை வாரத்துக்குப் பத்து அவர் மேசைக்கு வருகிறது. நீங்கள் ஆறு மாதம் விற்ற பில் புத்தகத்தையும், ஜிபே வரவுப் பக்கங்களையும், இரண்டு கடைக்காரரின் ஆர்டர் சீட்டையும் எடுத்துப்போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

என்னென்ன லைசென்ஸ் வேண்டும்?

சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு, ஆன்லைனில் இலவசம். உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (எஃப்எஸ்எஸ்ஏஐ) பதிவு, சிறு அளவில் செய்பவருக்கு வருடக் கட்டணம் நூறு ரூபாய்தான். பாக்கெட்டில் எடை, விலை, தேதி, முகவரி, பதிவு எண் கட்டாயம். வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டாதவரை மாநிலத்துக்குள் சரக்கு விற்க ஜிஎஸ்டி பதிவு பொதுவாகத் தேவையில்லை. யூனிட்டுக்கு இடம் பிடிக்கும் முன் ஊராட்சியிலும் மின்வாரியத்திலும் விசாரித்துவிடுங்கள்.

எங்கள் மகளிர் குழுவில் 14 பேர். எல்லோரும் சேர்ந்து ஒரே தொழில் செய்யலாமா?

தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-இல் தர்மபுரியில் தொடங்கின. சேமிக்கவும், கடன் வாங்கவும், திருப்பிக் கட்டவும் இவ்வளவு பெண்கள் பழகியிருக்கிறார்கள் என்பது சாதாரண விஷயம் அல்ல. ஆனால் சேர்ந்து சேமிப்பது வேறு, சேர்ந்து தொழில் செய்வது வேறு. பதினாலு பேரும் பங்காளி என்றால் காலை ஆறு மணிக்கு அடுப்பைப் பற்றவைப்பது யார்? ஒருவர் பத்து நாள் வராவிட்டால் லாபத்தில் எப்படிக் கழிப்பது? இந்தக் கேள்விகளுக்கு எழுதிய பதில் இல்லாமல் தொடங்கிய குழுக்களில் தொழிலோடு சிநேகிதமும் உடைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்று நான்கு பேர் தொழிலை நடத்தட்டும். மற்றவர்கள் சரக்குக் கொடுப்பவர்களாகவோ, கூலிக்கு வேலை செய்பவர்களாகவோ, பணம் போட்டவர்களாகவோ இருக்கட்டும். யாருக்கு எவ்வளவு என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாங்குவதையும் விற்பதையும் மட்டும் எல்லோரும் சேர்ந்து செய்யலாம்: 14 பேருக்கும் ஒரே தடவை கவர் வாங்கினால் விலை குறையும், ஒரே வண்டியில் மதுரைக்கு அனுப்பினால் வாடகை குறையும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வாரத் தவணை கட்டும் மைக்ரோ ஃபைனான்ஸ் கடனில் தொழில் தொடங்காதீர்கள். சரக்குக் காசு முப்பது நாளில் வருகிறது, தவணை ஏழு நாளில் வருகிறது. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் என்று போய், கடைசியில் வீட்டை விட்டு வெளியே வரவே பயப்படுகிற அம்மாக்களை நான் பார்த்திருக்கிறேன்.

குண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, விலை ஏறவில்லையே?

2023 பிப்ரவரியில் கிடைத்தது. அது நம் பெயரை மற்றவர்கள் திருடாமல் காக்கும் சட்ட உரிமை, விலையை உயர்த்தும் உத்தரவு அல்ல. அந்தப் பெயரையும் சின்னத்தையும் பாக்கெட்டில் போட வேண்டுமென்றால் நீங்கள் அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிவு செய்ய வேண்டும். மூட்டையில் போகிற மிளகாய்க்குச் சின்னம் எங்கே ஒட்டுவது?

சவூதியில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்திருக்கிறேன். கையில் பத்து லட்சம் இருக்கிறது.

முதல் ஆறு மாதம் எதிலும் போடாதீர்கள். நீங்கள் வந்த செய்தி தெரிந்ததும் நிலம், பங்குத் தொழில், ஏஜென்சி என்று ஆட்கள் வருவார்கள். நீங்கள் செய்ய நினைக்கிற தொழிலை ஏற்கெனவே செய்கிறவரிடம், தூத்துக்குடியிலோ திண்டுக்கல்லிலோ, மூன்று மாதம் சம்பளம் இல்லாமலாவது நின்று பாருங்கள். பிறகு மூன்று லட்சத்தில் தொடங்குங்கள். மீதி, தொழிலின் இரண்டாவது வருடத்துக்கு. அங்கே ஏசி மெக்கானிக்காகவோ வெல்டராகவோ இருந்தவர் என்றால் புதுத் தொழிலே தேட வேண்டாம். கடலோரம் முழுக்கப் படகு இன்ஜின், ஐஸ் பிளான்ட், குளிர்பதனப் பெட்டி என்று ரிப்பேர் வேலை நிற்கிறது.

பெரிய கம்பெனி வந்தால்தானே ஊர் முன்னேறும்?

வரட்டும், நல்லதுதான். கமுதியில் 2016-இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. கட்டும்போது நிறையப் பேருக்கு வேலை இருந்தது. கட்டி முடித்த சோலார் பண்ணைக்குக் காவலும் பராமரிப்பும் செய்யக் கொஞ்சம் பேர் போதும், அந்தத் தொழிலின் இயல்பு அது. பெரிய ஆலை வரும்போது அதற்குச் சாப்பாடு, வண்டி, சுத்தம் செய்யும் வேலை, சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் எல்லாம் நம் ஊர் ஆட்களின் நிறுவனம் வழியாகப் போக வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும்.

தொழில் நொடித்துப்போனால் என்ன செய்வது?

தவணை 90 நாள் தாண்டினால் பேங்க் அதை வாராக்கடனாக எழுதும், கடன் கட்டிய வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண் விழும். முதல் தவணை தவறும்போதே போய்ப் பேசுங்கள். தவணையை மாற்றித் தர அப்போது வழி உண்டு, பிறகு வழி குறைந்துகொண்டே போகும். மேனேஜர் போன் வந்தால் எடுங்கள். தங்கத்தை வைத்து நட்டத் தொழிலுக்கு உயிர் கொடுக்காதீர்கள். தொழிலை மூடுவது அவமானம் அல்ல, வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லாமல் மறைப்பதுதான் ஆபத்து.

நான் ஊராட்சியில் பொறுப்பில் இருக்கிறேன். தனி ஆளுக்கு உதவுவது இருக்கட்டும், ஊருக்காக என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை அதிகம் பேர் கேட்பதில்லை. கேட்டதற்கு நன்றி.

இன்னொரு பயிற்சி முகாம் வேண்டாம். வங்கிகள் நடத்தும் ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் மாவட்டத்தில் இருக்கிறது. தங்குமிடம், சாப்பாட்டோடு இலவசமாகக் கற்றுத் தருகிறார்கள். வேண்டியவர்களை அங்கே அனுப்புங்கள். ஊருக்குள் மூன்று பொருளைக் கொண்டுவாருங்கள்: சிமென்ட் உலர்களம், பொதுவான மின்னணுத் தராசு, பூட்டிவைக்கக்கூடிய காற்றோட்டமான ஒரு கிட்டங்கி. மிளகாய் தரையில் காயாது, எடை வியாபாரி கையில் இருக்காது, அவசரத்துக்கு விற்க வேண்டியிருக்காது. தராசை யாரும் பார்க்கும் இடத்தில் வையுங்கள்.

அப்புறம், முன்பணத்துக்கு மாற்றாக ஒரு சிறு நிதி. ஊரிலிருந்து சென்னை, திருப்பூர், வளைகுடா என்று போனவர்கள் கோயில் கொடைக்கும், பள்ளிவாசலுக்கும், மாதாகோயில் திருவிழாவுக்கும் தாராளமாகத் தருகிறவர்கள்தான். ஆளுக்கு ஐயாயிரம் என்று நாற்பது பேர் கொடுத்தால் இரண்டு லட்சம். அதைக் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்தின் கணக்கிலோ கூட்டுறவுச் சங்கம் வழியாகவோ வைத்து, தை மாதம் பத்துப் பனையேறிகளுக்கு ஆளுக்கு இருபதாயிரம், ஆனியில் திருப்பிக் கட்டுவதாக. சட்டப்படி எப்படி நடத்துவது என்பதைக் கூட்டுறவுத் துறையில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: பணம் வாங்கியவர் தன் கருப்பட்டியைத் தனக்குப் பிடித்த விலைக்கு, தனக்குப் பிடித்த ஆளிடம் விற்கலாம்.

பதநீருக்குப் பனம்பாளை சீவ ஆரம்பிப்பதற்கு முன்னால், கார்த்திகையிலேயே கூட்டம் போட்டுப் பெயர்ப் பட்டியலைத் தயார் செய்துவிடுங்கள். மார்கழியில் வியாபாரியின் வண்டி ஊருக்குள் வந்துவிடும்.